வெல்டிங் சொல்லிக்கொடுக்க யாரை எடுப்பது?

சமுதாயக் கல்லூரியில் வெல்டிங் பிரிவு தொடங்குவதில் மிஷின் வாங்குவது சுலபம். பணம் கட்டினால் வந்து இறங்கிவிடும். ஷெட்டும் அப்படித்தான், நாலு தூண் நட்டு மேலே ஷீட் போட்டால் முடிந்தது. இழுத்தடிப்பது ஆள் விஷயம்.

திருச்சியைச் சுற்றி இது இன்னும் வேடிக்கை. திருவெறும்பூரில் பெல் ஆலை. அதோடு சேர்ந்து 1975-இல் தொடங்கிய வெல்டிங் ஆராய்ச்சி நிலையம். துவாக்குடி சிட்கோ தொழிற்பேட்டையில் வரிசையாக ஃபேப்ரிகேஷன் பட்டறைகள். வெல்டருக்குப் பஞ்சமில்லாத ஊர். ஆனாலும் வெல்டிங் வாத்தியார் வேலைக்கு விளம்பரம் கொடுத்தால் வந்து குவிவது பி.இ. மெக்கானிக்கல் பயோடேட்டாக்கள்தான். கை நன்றாக ஓடுகிற வெல்டருக்கு வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் கிடைக்கும் சம்பளத்தை எந்த அறக்கட்டளைக் கல்லூரியாலும் தர முடியாது. வெளிநாடு போகாதவருக்கும் ரிஃபைனரி ஷட்டவுன், அனல்மின் நிலைய ஷட்டவுன் (பராமரிப்புக்காக ஓட்டத்தை நிறுத்தி வைக்கும் நாட்கள்) என்று தினக்கூலி வேலை வந்துகொண்டே இருக்கும். அவர் எதற்காகக் கல்லூரி வாசலில் மூன்று செட் ஜெராக்ஸோடு நிற்கப்போகிறார்?

இந்த மாதிரி ஆள் தேர்வுகளில் கூட உட்கார்ந்தவன் என்ற முறையில், நிர்வாகத்தினர் திரும்பத் திரும்ப மாட்டிக்கொள்ளும் கேள்வியை இங்கே எடுத்துக்கொள்கிறேன். பட்ஜெட்டில் ஒரு சம்பளத்துக்கும் கொஞ்சம் கூடுதலுக்கும்தான் இடம் இருக்கிறது. யாரை எடுப்பது?

அதற்கு முன்னால் ஒன்றை முடிவு செய்தாக வேண்டும். படிப்பு முடித்த பையனுக்கு நீங்கள் தரப்போகும் சான்றிதழ் எது? இதைப் பேசாமல் நேர்முகத் தேர்வு வைத்துவிட்டு, பிறகு 'இவர் செல்லாது' என்று கடிதம் வந்து முழிக்கிறவர்கள் உண்டு.

மத்திய அரசின் ஐ.டி.ஐ. பாடத்திட்டத்தில் வெல்டர் டிரேடு என்றால் அது ஓராண்டுப் படிப்பு. எட்டாம் வகுப்பு முடித்தவர் சேரலாம், ஒரு யூனிட்டுக்கு 20 பேர். அங்கே பயிற்றுநர் தகுதி விதி கறாராக இருக்கிறது. பட்டம் பெற்றவருக்கு ஓராண்டு அனுபவம், டிப்ளமோ என்றால் இரண்டு ஆண்டு, ஐ.டி.ஐ. வெல்டர் என்றால் மூன்று ஆண்டு. எல்லோருக்கும் பொதுவாக சி.ஐ.டி.எஸ். எனப்படும் பயிற்றுநர் பயிற்சிச் சான்று வேண்டும். சென்னையில் கிண்டியில் இருக்கும் தேசியத் திறன் பயிற்சி நிறுவனம் போன்ற இடங்களில் ஓராண்டு படித்து வாங்குவது அது. பலரும் கவனிக்காத ஒரு வரியும் அந்த விதியிலேயே உண்டு. இரண்டு யூனிட்டுக்கு இரண்டு பயிற்றுநர் என்றால், ஒருவர் பட்டமோ டிப்ளமோவோ படித்தவராகவும் இன்னொருவர் ஐ.டி.ஐ. வழியாகவோ அப்ரண்டிஸ் வழியாகவோ வந்தவராகவும் இருக்க வேண்டும். ஒரே ஆளிடம் எல்லாம் கிடைக்காது என்பதை விதி எழுதியவர்கள் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். நம் நிர்வாகிகள்தான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

சமுதாயக் கல்லூரிக்குக் கை கொஞ்சம் தளர்வு. அமெரிக்காவில் 1901-இல் ஜோலியட் நகரில் தொடங்கிய வடிவம் இது. நம் நாட்டில் 1995-இல் புதுவைப் பல்கலைக்கழகமும் அடுத்த ஆண்டு சென்னை மயிலை உயர் மறைமாவட்டமும் தொடங்கி வைத்தன. பள்ளியை விட்டு நின்றவர், வேலை கிடைக்காதவர் ஆகியோருக்கு உள்ளூர் வேலைக்கு ஏற்ற படிப்பு என்பதுதான் அடிப்படை. யு.ஜி.சி. தன் திட்டத்தில் சேர்த்தபோது பொதுக்கல்வி 40 சதவீதம், திறன் பயிற்சி 60 சதவீதம் என்று பிரித்தது. அந்த 60-ஐ யார் நடத்துவது என்பதில்தான் பட்டறை ஆளுக்கு ஒரு வாசல் திறந்திருக்கிறது. குறுகிய காலத் திறன் படிப்பு என்றால், துறைத் திறன் குழுமத்தின் (செக்டர் ஸ்கில் கவுன்சில்) பயிற்றுநர் சான்று வாங்கியவரைக் கேட்பார்கள்.

சரி, ஆட்களுக்கு வருவோம்.

புதிதாக பி.இ. முடித்தவரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மலிவாகக் கிடைப்பார், உடனே சேருவார், கம்ப்யூட்டரில் வருகைப்பதிவும் ரிப்போர்ட்டும் ஒழுங்காகப் போடுவார். ஆனால் அவர் படித்த நாலு வருஷத்தில் வெல்டிங் ராடு மாட்டும் ஹோல்டரைப் பிடித்தது ஒர்க்ஷாப் லேப் வகுப்புகளில் மட்டுமே. அவரும் இதை நிரந்தர வேலையாக எடுத்துக்கொள்வதில்லை. போட்டித் தேர்வு முடிவோ வேறு கம்பெனி ஆர்டரோ வந்தால் நடுப்பருவத்தில் கிளம்பிவிடுவார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. தியரிக்கு ஆள் வேண்டும் என்றால் வைத்துக்கொள்ளலாம். ஷெட்டுக்குள் அவரை மட்டும் நம்பி 20 பையன்களை விடக்கூடாது.

அடுத்து, ஐ.டி.ஐ. முடித்து, பட்டறையிலோ ஆலையிலோ சில வருஷம் இருந்து, சி.ஐ.டி.எஸ். படித்து வந்தவர். இவரைத் தேடிப் பிடிப்பது கஷ்டம், பிடித்தால் தக்கவைப்பது அதைவிடக் கஷ்டம். அரசு ஐ.டி.ஐ.யில் இளநிலை பயிற்சி அலுவலர் பணிக்கு அறிவிப்பு வருமா என்று ஒரு கண் அங்கேயே இருக்கும். இருந்தாலும் இவரிடம் மற்றவர்களிடம் இல்லாத ஒன்று இருக்கிறது. ஒரு வேலையைத் துண்டு துண்டாக உடைத்துச் சொல்லத் தெரியும். இன்று ஆர்க் பிடிப்பது மட்டும், நாளை நேர்க்கோட்டில் ஒரு பீடு (உருகி உறைந்த உலோக வரி), அதற்கடுத்து விளிம்போடு விளிம்பு சேர்க்கும் பட் ஜாயிண்ட், மூலையில் சேர்க்கும் ஃபில்லட், அப்புறம்தான் நிறுத்திவைத்த பிளேட்டில் 3ஜி என்று போவார். பையன் எங்கே தடுக்கினான் என்பதற்குக் கையில் ஒரு பதிவேடு இருக்கும். இவருடைய குறை, பட்டறையை விட்டு வந்து பல வருஷம் ஆகியிருக்கும். கோ2 (கரியமில வாயு) வெல்டிங்கில் வெளியே இன்றைக்கு எந்த வேகம் எதிர்பார்க்கிறார்கள், ஆர்கான் வாயு வைத்து அடிக்கும் டிக் வெல்டருக்கு எப்படி டெஸ்ட் வைக்கிறார்கள் என்பதெல்லாம் கேள்வி ஞானமாக இருக்கும்.

ஓய்வு பெற்ற ஆலைக்காரரைப் பார்த்ததும் நிர்வாகத்துக்குப் பிடித்துப்போகும். பெரிய கம்பெனியில் 30 வருஷம் இருந்தவர், நிதானமானவர், சொன்ன நேரத்துக்கு வருவார், பென்ஷனோ பி.எஃப். பணமோ இருப்பதால் சம்பளத்தில் அடம் பிடிக்க மாட்டார். பாய்லர் வேலை பார்த்தவர் என்றால் இந்திய பாய்லர் ஒழுங்குமுறை விதிகளின்படி டெஸ்ட் எழுதித் தேறியவர். 45 டிகிரி சாய்வில் அசையாமல் நிற்கும் பைப்பைச் சுற்றி வந்து 6ஜி அடித்தவர். ஒழுக்கமும் அப்படியே. ஈரம் ஏறக்கூடாத 7018 ராடைப் பாக்கெட் பிரித்து வெளியே போட்டு வைத்திருந்தால் அவருக்குப் பொறுக்காது. ஓவனில் 300 டிகிரிக்கு மேல் வைத்து ஈரம் போக்கி, போர்ட்டபிள் ஓவனில் போட்டு, ஒவ்வொன்றாக எடுத்துத்தான் அடிக்க வேண்டும் என்பார். ஈரமான ராடால் உள்ளே ஹைட்ரஜன் புகுந்து பின்னால் விரிசல் விடும் என்பதைப் புத்தகத்தில் படித்தவர் ஒருமுறை சொல்வார். இவர் தினமும் நச்சரிப்பார். பையன்களுக்கு ஒட்டுவது நச்சரிப்புதான்.

ஆனால் மூன்று விஷயம் பார்க்க வேண்டும். முதலாவது கண். கிட்டத்தில் பார்க்கக் கண்ணாடி போட்டு, அதற்கு மேல் ஹெல்மெட் மாட்டி, வெளிச்சக் குழம்பைக் கூர்ந்து பார்ப்பது அறுபதைத் தாண்டியவருக்கு நாள் முழுக்க முடியாது. இரண்டாவது, ஒரே வேலை. பாய்லரின் ஹெட்டர், டியூப் குழாய்கள் மட்டுமே பார்த்தவருக்கு 2 மி.மீ. தகட்டை ஓட்டை விழாமல் ஒட்டுவது புதிதாக இருக்கும். நம் பையன்களில் பாதிப் பேர் போய்ச் சேரப்போவது கேட், கிரில், கூரை டிரஸ் ஒர்க் பட்டறைகளுக்கு.

மூன்றாவதுதான் எனக்குப் பெரிய சிக்கலாகப் படுகிறது. செய்யத் தெரிந்தவருக்கெல்லாம் சொல்லத் தெரிவதில்லை. ஒரு தேர்வில் வந்தவர் 3ஜியில் ஒரு ரூட் (இணைப்பின் அடியில் போடும் முதல் வரி) போட்டார். பின்பக்கம் திருப்பிப் பார்த்தால் அளந்து வைத்ததுபோல ஒரே சீராக இறங்கியிருந்தது. இதைப் புதுப் பையனுக்குச் சொல்லிக்கொடுங்கள் என்றோம். 'பாத்துக்கோப்பா, கை தானா போகும்' என்றார். பையன் கைஷீல்டுக்குள்ளிருந்து என்ன பார்த்தான்? ஒரு வெளிச்சத்தைப் பார்த்தான். கீ-ஹோல் (உருகும் இடத்துக்கு முன்னால் திறக்கும் சின்னத் துளை) எது, அது பெரிதானால் கையை எப்படி ஏற்ற வேண்டும், ஓரத்தில் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று ஒரு வார்த்தை அவரிடமிருந்து வரவில்லை. மறைக்கவில்லை. அவருக்கே அது வார்த்தையாக இல்லை. இப்படிப்பட்டவரைத் தேர்வாளராக, மாதம் ஒருமுறை வந்து வேலையைப் பார்த்துச் சொல்பவராக அழைக்கலாம். வகுப்பை முழுசாக ஒப்படைக்க முடியாது.

அப்புறம் இருப்பவர், இன்றைக்கும் பட்டறையில் நிற்கிறவர். சொந்தமாகச் சின்னப் பட்டறை வைத்திருப்பார், அல்லது சப்-கான்ட்ராக்டில் நாலு பேரை வைத்து வேலை எடுப்பார். இவர்களில் சொல்லத் தெரிந்தவர்கள் அதிகம் என்பது என் கணிப்பு, அதற்குக் காரணமும் உண்டு. புது ஹெல்பர் ஒருவன் வந்தால் ரெண்டு மாதத்தில் அவனை வேலைக்கு ஆக்கினால்தான் இவருக்கு லாபம். அதனால் சுருக்கமாகத் திருத்தக் கற்றிருக்கிறார்.

ஒரு கெட்டுப்போன வெல்டிங்கை நீட்டிப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். ஓரத்தில் பள்ளம் விழுந்திருக்கிறது, அண்டர்கட். பி.இ. படித்தவர் காரணங்களை அடுக்குவார்: கரண்ட் அதிகம், ஆர்க் நீளம் அதிகம், ராடு கோணம் தவறு, வேகம் அதிகம். எல்லாம் சரி. எதை முதலில் மாற்றுவது என்று பையனுக்குத் தெரியாது. பட்டறைக்காரர் அந்தத் துண்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, 'இவன் சைடுல நிக்காம ஓடுறான். கரண்ட்ல கை வைக்காதே, ரெண்டு பக்கமும் ஒரு நொடி நிறுத்தச் சொல்லு' என்பார். அடுத்த பீடில் பள்ளம் பாதியாகக் குறையும். முதுகைக் காட்டி நின்றுகொண்டு சத்தத்தை வைத்தே 'ஆர்க்கைக் குறை' என்று கத்துவதும் இவர்தான். 10 கேஜ் ராடுக்கு எத்தனை ஆம்பியர் என்று கேட்டால் எண்ணைச் சொல்லாமல், மிஷின் எது, கேபிள் எவ்வளவு நீளம் என்று திருப்பிக் கேட்பார்.

இவரை எடுப்பதில் தொல்லை இல்லாமல் இல்லை. அவசர வேலை வந்தால் ஒரு வாரம் ஆளே இருக்க மாட்டார். பாடத்திட்டம், மதிப்பெண், வருகைப்பதிவு எதுவும் அவர் தலையில் ஏறாது. பாதுகாப்பு விஷயத்தில் சிலர் மோசம். துண்டுகளைத் தற்காலிகமாகப் பிடித்து நிறுத்த டேக் வைக்கும்போது ஷீல்டு பிடிக்காமல் கண்ணை மூடிக்கொண்டு தொடுவார்கள், ஸ்லாக் (மேலே படியும் கசடு) தட்டும்போது கண்ணாடி போட மாட்டார்கள். பையன்கள் முதலில் கற்றுக்கொள்வது அதைத்தான். ராத்திரி கண்ணில் மண்ணை அள்ளிப் போட்டதுபோல் எரிந்து தூங்காமல் கிடந்த பிறகுதான் புத்தி வரும். எனவே பாதுகாப்பு விதியை மட்டும் எழுதிக் காட்டிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளலாம். மீறினால் அன்றைக்கு வகுப்பு இல்லை என்ற அளவுக்குக் கறாராக இருக்கலாம். மற்றதில் விட்டுக்கொடுக்கலாம்.

இவரை மாதச் சம்பளத்துக்குப் பூட்டப் பார்ப்பதும் பலன் தராது. மாலை வகுப்பு, இத்தனை அமர்வு, இந்த ஜாயிண்ட் வரை என்று பேசி, அமர்வுக்கு இவ்வளவு என்று முடிவு செய்யலாம். பணத்தை அன்றன்றைக்கோ வாரக் கடைசியிலோ கொடுத்துவிட வேண்டும். வவுச்சர், அனுமதி, ஆடிட் என்று ஒன்றரை மாதம் இழுத்தால் அவர் சண்டை போட மாட்டார், மறுபடி வர மாட்டார், அவ்வளவுதான். ஆளைத் தேடும் இடமும் வேறு. நாளிதழ் விளம்பரத்தை அவர் பார்ப்பதில்லை. ராடும் கட்டிங் வீலும் விற்கிற கடையிலும், ஆர்கான் சிலிண்டர் மாற்றித் தருகிற டீலரிடமும் கேட்டால், 'பையன்களைப் பொறுமையாக வச்சு வேலை வாங்குறவர் யாரு' என்பதற்கு நேரே பெயரும் நம்பரும் கிடைக்கும். அந்தக் கேள்வியை அப்படியே கேட்பது முக்கியம். 'நல்ல வெல்டர் யார்' என்று கேட்டால் வேறு ஆளைச் சொல்வார்கள்.

2022-இல் யு.ஜி.சி. 'நடைமுறைப் பேராசிரியர்' என்று ஒரு வழி திறந்தபோது, பட்டம் இல்லாத கைத்தேர்ச்சிக்காரர்கள் உள்ளே வரலாம் என்று சிலர் சந்தோஷப்பட்டார்கள். 15 வருஷ அனுபவம் என்ற வரியைப் பார்த்தால் நம்ம ஆள் பொருந்துவார்போலத்தான் இருக்கும். ஆனால் உயர் பொறுப்பில் இருந்த நிபுணர்களை மனதில் வைத்து எழுதியது அது. துவாக்குடி வெல்டரை அந்த நாற்காலியில் உட்காரவைக்கும் நிர்வாகக் குழுவை நான் இன்னும் பார்க்கவில்லை.

ஆளே எடுக்க வேண்டாம், பையன்களை ஆலைக்கு அனுப்பிவிடுவோம் என்பது கடைசி வழி. கேட்க நன்றாக இருக்கும். ஐ.டி.ஐ.களுக்கு, கொஞ்ச காலம் நிலையத்தில் கொஞ்ச காலம் தொழிற்சாலையில் என்ற இரட்டைப் பயிற்சி முறை இருக்கிறது. 1961-ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டமும் இருக்கிறது. அதன் விதிகளின்படி 30 பேரும் அதற்கு மேலும் வேலை பார்க்கும் நிறுவனம் தன் ஆள்பலத்தில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ் எடுத்தாக வேண்டும். 4 முதல் 29 பேர் வரை உள்ள இடங்களுக்கு அது விருப்பம். நம் பக்கத்துச் சின்னப் பட்டறைகள் பலவும் இந்த விருப்பக் கணக்கில் வருகிறவை. அவர்களே முன்வந்தால்தான் உண்டு.

முன்வந்தாலும் பையன் கையில் ஹோல்டர் வருமா என்பது தனிக் கேள்வி. டெலிவரி தேதி கழுத்தை நெரிக்கும்போது எந்த முதலாளியும் கற்றுக்குட்டியை ஜாபில் விட மாட்டார். பாய்லர் வேலை என்றால் விதியே இடம் கொடுக்காது, டெஸ்ட் தேறாத வெல்டர் அதைத் தொடக்கூடாது. ஆக பையன் கிரைண்டிங் மிஷினைப் பிடிப்பான், பிளேட் தூக்குவான், டீ வாங்கி வருவான். ஆறு மாதம் கழித்து நன்றாக கிரைண்டிங் அடிக்கத் தெரிந்திருக்கும். அடிப்படை கை வந்த பிறகு கடைசி சில மாதங்களுக்கு அனுப்பினால் கதை வேறு. அப்போது அவனைப் பார்த்து முதலாளிக்கே ஆசை வரும். ஆலைக்கு அனுப்புவது வாத்தியாருக்கு மாற்றாகாது, வாத்தியார் வேலை முடிந்த பிறகு செய்வது.

ஆகவே ஒரு முழுச் சம்பளமும் கொஞ்சம் மிச்சமும் கையில் இருந்தால் நான் சொல்வது இது. முழு நேரத்துக்கு ஐ.டி.ஐ.யோடு சி.ஐ.டி.எஸ். முடித்தவர். மாலையில் வாரம் சில அமர்வுகளுக்குப் பட்டறைக்காரர். மாதம் ஒருமுறை மதிப்பீட்டுக்கு ஓய்வு பெற்றவர். தியரியையும் முழு நேரக்காரரே பார்த்துக்கொள்வார், அதற்குத் தனியாகப் பட்டதாரி வேண்டாம். சி.ஐ.டி.எஸ். ஆள் கிடைக்கவில்லை, படிப்பும் ஐ.டி.ஐ. பாடத்திட்டத்தில் இல்லை என்றால், டிப்ளமோ முடித்து ஃபேப்ரிகேஷன் கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் ஒன்றிரண்டு வருஷம் இருந்தவரைப் பார்க்கலாம். ஹோல்டர் பிடிக்க அவ்வளவாக வராவிட்டாலும், தப்பை அடையாளம் காணப் பழகிய கண் அவருக்கு.

தேர்வை மேஜைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து நடத்த வேண்டாம். ஷெட்டில் நடத்தலாம். 10 மி.மீ. பிளேட் சில துண்டுகள், ஒரு கட்டு ராடு, ஹோல்டரையே தொடாத ஒரு பையன். வந்தவரிடம் அரை மணி நேரம் அவனை ஒப்படைத்துவிட்டுத் தள்ளி நின்று பார்க்கலாம். பையனின் முதல் பீடையும் கடைசி பீடையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும். வந்தவர் தானே அடித்துக் காட்டியது எத்தனை நேரம், பையனை அடிக்கவிட்டது எத்தனை நேரம் என்பதையும் கவனிக்கலாம். பருவக் கடைசியில் மாணவர்களின் ஜாயிண்டைப் பட்டை பட்டையாக வெட்டி வளைத்துப் பார்க்கும் பெண்ட் டெஸ்ட் இருக்கவே இருக்கிறது. அதில் வாத்தியாரின் வேலையும் சேர்ந்தே தெரிந்துவிடும்.

இன்னொன்று, சம்பளப் பேச்சில் எல்லோரும் மறந்துபோவது. நல்ல ஆளுக்காகச் சம்பளத்தை ஏற்றிவிட்டு, ராடுக்கும் பிளேட்டுக்கும் ஒதுக்கியதில் கை வைக்கிறார்கள். ஒரு நாளைக்கு ரெண்டே ராடு எரித்தால் எந்த வாத்தியார் வந்தும் கை வராது. பட்டறைகளில் மிஞ்சும் வெட்டுத் துண்டுகளை எடை விலைக்கு வாங்கிவரப் பட்டறைக்காரரிடமே சொல்லலாம், அவருக்கு எங்கே கிடைக்கும் என்று தெரியும். தமிழக அரசு 71 ஐ.டி.ஐ.களை டாட்டா டெக்னாலஜிஸோடு சேர்ந்து 2,877 கோடி ரூபாயில் மாற்றியமைத்ததைப் பார்த்துவிட்டு, நாமும் ஒரு ரோபோ வாங்கலாமா என்று கேட்கும் நிர்வாகிகள் இருக்கிறார்கள். முதலில் ராடு வாங்கட்டும்.

வயரிங், ஏ.சி. மெக்கானிக் போன்ற பிரிவுகளுக்கு இந்த வரிசையை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. வெல்டிங்கில் தப்பு கண்ணுக்குத் தெரியும், இல்லாவிட்டால் வளைத்தால் தெரியும். வயரிங்கில் எர்த் சரியில்லாத வேலை பல வருஷம் ஒழுங்காக ஓடிவிட்டு ஒரு மழைநாளில் ஆளை அடிக்கும். அங்கே மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் தகுதிச் சான்று வைத்திருப்பவர்தான் முதல் ஆள், பட்டறை அனுபவம் அதற்கு அடுத்து. இருபது வருஷமாக வீட்டு வயரிங் செய்கிறேன் என்று வருபவரிடம், மெக்கரைக் கையில் கொடுத்து இன்சுலேஷன் பார்க்கச் சொல்லிவிட்டு மேற்கொண்டு பேசலாம்.